தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டில் ஆர்.டி. (மூக்கு டியூப்) ஃபீட்: வயிறு நிறையக் கொடுத்தும் எடை இறங்குகிறது

தஞ்சை_ஹோம்கேர் (கேள்வி)

வணக்கம். வீட்டு நர்சிங்கில் பார்க்கும் ஒரு பேஷண்டுக்காகக் கேட்கிறேன். நியூரோ, டயட் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆண், வயது 34. பைக் விபத்து. வலது பக்கம் சப்ட்யூரல் (மூளை உறைக்கு அடியில்) ரத்தக்கட்டு, ஆபரேஷன் ஆகி இப்போது ஏழாவது வாரம். எடுத்த மண்டையோட்டு எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ட்ரக்கி (மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளை) அடைத்தாகிவிட்டது. கண் திறந்து பார்க்கிறார், ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார், இடது கை கால் பலவீனம். மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் (ஆர்.டி.). விபத்துக்கு முன் 66 கிலோ, இப்போது 58. இடுப்புக்குக் கீழே இரண்டாம் நிலைப் படுக்கைப் புண். தினமும் இரண்டு மூன்று முறை திடீரென உடம்பு வேர்த்துக் கொட்டி, நாடி 130 வரை போய், அரை மணியில் அடங்குகிறது. விபத்துக்கு முன் தினசரிக் குடி உண்டு.

மருந்து: ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து) 100 மூன்று வேளை, பேண்டோப்ரசோல் (அமிலம் குறைக்க), பேக்லோஃபென் (விறைப்புக்கு). கடைசி ரிப்போர்ட்டில் சோடியம் 129, ஆல்புமின் (ரத்தப் புரதம்) 2.8, இரண்டும் குறைவு.

வீட்டில் கொடுப்பது காலை 6 முதல் இரவு 10 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை 200 மி.லி., ஆக 9 ஃபீட். பாதி தண்ணீர் கலந்த பால் மூன்று வேளை (சர்க்கரையோடு), ஒரு ஸ்பூன் மாவில் கஞ்சி இரண்டு வேளை, இளநீர், சாதமும் பருப்பும் கரைத்து வடித்த தண்ணீர், சாத்துக்குடி ஜூஸ், சூப். "நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், ஏன் இளைக்கிறார்?" என்று அவர் அம்மா கேட்கிறார். அட்டெண்டருக்குப் புரியும்படி என்ன சொல்வது, எதை மாற்றுவது? வாயிலும் தண்ணீர் கேட்கிறார், நேற்று ஸ்பூனில் காபி கொடுத்திருக்கிறார்கள். இருமவில்லை என்கிறார்கள்.

கஞ்சிக்கணக்கு

சிஸ்டர், அம்மாவிடம் அளவைப் பேசாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். நீங்கள் எழுதிய ஒன்பது ஃபீடையும் கூட்டினேன். பாதி தண்ணீர் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை: ஒரு வேளைக்கு 100 கலோரி, 3 கிராம் புரதம். ஒரு ஸ்பூன் மாவுக் கஞ்சி 50 கலோரி, ஒன்றரை கிராம். இளநீர் 40 கலோரி, புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பருப்பு வடித்த தண்ணீர் 70, ஜூஸ் 80, சூப் 30. தாராளமாகப் போட்டாலும் நாளுக்கு 650 கலோரி, 18 கிராம் புரதம். 1,800 மி.லி. உள்ளே போகிறது, அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்.

வேண்டியது எவ்வளவு? தலைக்காயத்தில் உடம்பு அடுப்பைக் கூட்டி எரிக்கிறது. காய்ச்சல், விறைப்பு, நீங்கள் சொல்லும் வேர்வைத் தாக்குதல் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்பது பொதுக் கணக்கு. இவருக்குப் படுக்கைப் புண்ணும் இருப்பதால் 30 பிடியுங்கள். 60 கிலோ என்று வைத்தால் 1,800 கலோரி. புரதம் ஐ.சி.யூ. கட்டத்தில் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை போவார்கள். இந்தக் கட்டத்தில் 1.5 போதும், அதாவது 90 கிராம். கலோரியில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது, புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டுக் கிலோ போனதில் பாதிக்கு மேல் தசையாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

வீட்டுச் சாமானிலேயே ஒரு நாளுக்கான ஃபீட் இது:

டோன்டு பால் 1 லிட்டர் (600 கலோரி, 31 கிராம் புரதம்)
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம் (180, 17)
முழுதாக வெந்த முட்டை 4 (280, 25)
பொட்டுக்கடலை மாவு 60 கிராம் (220, 13)
முளைகட்டிய கேழ்வரகு மாவு 60 கிராம் (195, 4)
எண்ணெய் 30 மி.லி. (240)
சர்க்கரை 30 கிராம் (120)
உப்பு அரை டீஸ்பூன், மட்டமாக

மொத்தம் 1,835 கலோரி, 90 கிராம் புரதம். தண்ணீர் சேர்த்து 1,800 மி.லி.க்குக் கொண்டுவந்தால் 200 மி.லி. வீதம் ஒன்பது ஃபீட். உப்பை மறக்க வேண்டாம்: பால் ஃபீட் இனிப்பாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் உப்புப் போடத் தோன்றாது.

செய்முறைதான் முக்கியம். இவ்வளவு மாவைப் பாலில் கொதிக்க வைத்தால் கூழாகி, டியூப் ஒரே நாளில் அடைத்துவிடும். பொட்டுக்கடலை மாவு முழுவதையும் கேழ்வரகு மாவில் 45 கிராமையும் அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து நன்றாக வேகவிடுங்கள். கெட்டியாகத்தான் இருக்கும். இறக்கி, விரல் ஒரு நொடிக்கு மேல் தாங்காத சூட்டுக்கு ஆறவிடுங்கள், அதாவது 60 முதல் 70 டிகிரி. மீதி 15 கிராம் முளைகட்டிய மாவைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். முளையில் இருக்கும் அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைத்துவிடும். கஞ்சி கண்ணெதிரே இளகும். பிறகு இரண்டு நிமிடம் மறுபடி கொதிக்க வேண்டும், கடைசியாகப் போட்டது பச்சை மாவு அல்லவா. கொதிக்கும்போதே அந்த மாவைப் போட்டால் அமைலேஸ் செத்துவிடும், ஒன்றும் நடக்காது. கடையில் வாங்கும் சத்துமாவு நன்றாக வறுபட்டது, அதுவும் இளக்காது. முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாகச் சூடு காட்டி அரைத்த மாவுதான் வேலை செய்யும்.

இளகிய கஞ்சி, காய்ச்சிய பால், பவுடர், முட்டை, எண்ணெய், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் மிக்ஸியில் மூன்று நிமிடம் அடித்து மெல்லிய ஸ்டீல் வடிகட்டியில் வடியுங்கள். முட்டையின் வெள்ளைத் துணுக்குதான் டியூப் அடைப்பதில் முதல் ஆள். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான். மீதி உடனே ஃப்ரிட்ஜுக்கு, 24 மணிக்கு மேல் வைக்கக்கூடாது. எடுத்ததைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், மறுபடி கொதிக்க வைத்தால் திரியும்.

ஒன்று கவனம். நாளைக் காலையிலேயே 1,800 கலோரிக்குத் தாவ வேண்டாம். வாரக்கணக்கில் 650-இல் இருந்த உடம்பு, எடையில் 12 சதவீதம் போயிருக்கிறது, குடியும் இருந்திருக்கிறது. திடீரென மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து மூச்சும் இதயமும் சிக்கலாகும். முதல் இரண்டு நாள் மேலே சொன்னதில் பாதி, அடுத்த இரண்டு நாள் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வாரத்துக்குள் முழு அளவு. ஆரம்பிக்கும் முன்பும் மூன்றாம் நாளும் அந்த மூன்று உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தயமின் (வைட்டமின் பி1) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் ஃபீடுக்கு முன்பே போக வேண்டியது அது.

ஆல்புமின் 2.8 என்றதும் முட்டை வெள்ளைக் கருவாக ஊற்ற வேண்டாம். காயம், புண், தொற்று இருக்கும்வரை கல்லீரல் ஆல்புமினைக் குறைத்துத்தான் செய்யும். சாப்பாடு சேர்கிறதா என்பதை வாரம் ஒருமுறை எடையிலும், பலவீனமில்லாத வலது மேற்கை நடுச் சுற்றளவிலும், கெண்டைக்கால் சுற்றளவிலும் பாருங்கள்.

ஊர்க்குருவி

ரொம்ப யோசிக்கிறீங்க. பாலில் பச்சை முட்டை அடிச்சு ஊத்துங்க, ஆட்டுக்கால் சூப், வல்லாரைச் சாறு. மூளைக்கு வல்லாரையை விட்டா வேற என்ன இருக்கு? எங்க பக்கம் எல்லாருக்கும் இப்படித்தான்.

கஞ்சிக்கணக்கு

ஐயா, பச்சை முட்டையில் சால்மொனெல்லா வர வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே பேண்டோப்ரசோல் போய், இரைப்பையில் கிருமியைக் கொல்லும் அமிலமும் குறைந்திருக்கும் ஆளுக்கு அது பெரிய வயிற்றுப்போக்கில் முடியும். அதோடு பச்சை வெள்ளைக் கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும், வேகவைத்ததைவிடக் குறைவாகத்தான் செரிக்கும். வேகவைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆட்டுக்கால் சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. கால் கிலோ எலும்பு போட்டாலும் வடித்த டம்ளரில் வருவது சில கிராம்தான். வாயில் சாப்பிடும் காலம் வரட்டும், ருசிக்குக் கொடுங்கள். ஃபீட் இடத்தை அது பிடிக்கக்கூடாது. வல்லாரைச் சாறு வேகாத இலைச்சாறு, நார் டியூபில் நிற்கும், இலையோடு வரும் மண்ணும் கிருமியும் உள்ளே போகும். துவையலாகப் பின்னால் சாப்பிடட்டும், யாரும் தடுக்கவில்லை.

நியூரோ_வார்டு

சாப்பாட்டுக் கணக்கு மேலே சரியாக இருக்கிறது. மருத்துவப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சோடியம் 129. இதற்கு எந்த அக்கம்பக்கத்து யோசனையும் வேண்டாம். தலைக்காயத்தில் சோடியம் இறங்க இரண்டு எதிரெதிர் காரணங்கள் உண்டு. ஒன்றில் ஏ.டி.எச். ஹார்மோன் அதிகமாகி உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மற்றதில் சிறுநீரகம் உப்பைக் கொட்டிவிடும், கூடவே தண்ணீரும் போகும். அதற்கு உப்பும் தண்ணீரும் ஏற்ற வேண்டும், தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து. இரண்டிலும் சிறுநீரில் சோடியம் கூடுதலாகவே காட்டும், அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. 24 மணி நேரச் சிறுநீர் அளவு, தினசரி எடை, நாக்கு காய்ந்திருக்கிறதா, நாடி, ரத்த அழுத்தம் இவைதான் பிரிக்கும். உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் மூன்று நாள் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

இவர் விஷயத்தில் மூன்றாவது காரணமும் தெரிகிறது. உப்பே இல்லாத 1,800 மி.லி., 18 கிராம் புரதம். சிறுநீரகம் தண்ணீரை வெளியே தள்ள யூரியாவும் உப்பும் சேர்ந்த கரைபொருள் வேண்டும். அவை இல்லாதபோது குடித்த தண்ணீரே ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடும். இளநீர் கொடுத்தால் சரியாகும் என்பது தப்புக் கணக்கு: அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். ஃபீட் மாறினாலே இது ஓரளவு ஏறலாம். அதனால் கூடுதலாக உப்புக் கரைசல் நீங்களாக ஊற்ற வேண்டாம்; ஒரு நாளில் 8-க்கு மேல் ஏறினால் மூளைத் தண்டுக்குக் கேடு. ஃபீட் தொடங்கிய மூன்றாம் நாள் பார்க்கும் ரத்தத்திலேயே சோடியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் காலை 8 மணி கார்ட்டிசாலும் தைராய்டும் பார்க்க வேண்டும். தலைக்காயத்தில் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) அடிபடுவது அபூர்வமில்லை. தூங்கி வழிவது, சோர்வு இருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். சோடியம் 125-க்குக் கீழே போனாலோ, மயக்கம் கூடினாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயம் அல்ல.

ஃபெனிட்டாயின். ஃபீடோடு சேர்ந்தால் இது சரியாக உறிஞ்சப்படாது, வலிப்பு வரும் அளவுக்கு ரத்தத்தில் இறங்கலாம். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஃபீட் இல்லாமல் விடுவது வழக்கம். மூன்று வேளை என்றால் நாளில் பாதி நேரம் வரை ஃபீட் நின்றுவிடும். அப்படி விட்டால் இளைப்புக்கு இதுவும் ஒரு பங்கு. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் வாரத் தடுப்புக்காக ஆரம்பித்ததா, அல்லது வலிப்பு வந்து கொடுத்ததா? தடுப்புக்கு மட்டும் என்றால் பொதுவாக 7 நாளோடு நிறுத்துவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் நிறுத்தச் சொல்லாமலே விட்டுப்போவது நடக்கிறது. தொடர வேண்டும் என்றால் வேளையைக் குறைக்கலாமா, ஃபீடோடு தகராறு இல்லாத லெவெட்டிராசெட்டத்துக்கு மாற்றலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம். ஃபீட் நேரம் மாறினாலும் ஃபெனிட்டாயின் அளவு மாறும், ஒரு வாரம் பத்து நாளில் ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஆல்புமின் 2.8 இருக்கும்போது ரிப்போர்ட்டில் வரும் மொத்த அளவு குறைவாகக் காட்டும், உண்மையில் வேலை செய்யும் பங்கு கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து டோஸ் ஏற்றினால் தள்ளாட்டம், வாந்தி, கண் ஆட்டம் வரும். சிரப் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும்.

பேண்டோப்ரசோல் மாத்திரையைப் பொடித்து விடுகிறார்களா? மேல் பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து வீணாகும், அந்தத் துகள் டியூபையும் அடைக்கும். டியூபில் போகும் வடிவம் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரம் நீட்டித்து வேலை செய்யும் எந்த மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

வேர்வைத் தாக்குதலை டாக்டருக்கு வீடியோ எடுத்துக் காட்டுங்கள். மூளைக்காயத்தில் பரிவு நரம்பு (நாடியையும் வேர்வையையும் கூட்டும் நரம்பு மண்டலம்) கட்டுமீறுவதால் வருவதாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. ஆனால் தொற்றும் இல்லை, சிறுநீர்ப் பை அடைக்கவும் இல்லை, மலம் இறுகவும் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். வலியும் மலச்சிக்கலுமே அதைத் தூண்டும். தாக்குதல் அடங்கியதும் கலோரித் தேவை இறங்கும். அப்போதும் பழைய அளவே போனால் இரண்டு மூன்று மாதத்தில் வயிறு தள்ளும். நெற்றிப் பகுதி மூளையில் அடி இருந்தால் 'போதும்' என்ற உணர்வே வராமல் சாப்பிடுவார்கள், அதற்கும் இப்போதே வீட்டாரைத் தயார் செய்யுங்கள்.

டியூப் வெளியே வந்துவிட்டால், மறுபடி மூக்கில் போடும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் மண்டையோட்டு அடிப்பகுதி எலும்பு முறிவு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நியூரோ டாக்டரைக் கேட்காமல் யாரும் மூக்கு வழியே எதையும் செலுத்தக்கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினாலும் அப்படியே.

வயிற்றில் இருக்கும் எலும்பு இரைப்பையைத் தொடாது, தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிறது. அதற்காக ஃபீடைக் குறைக்க வேண்டாம். டியூப் தேவை நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டதால் வயிற்று வழி டியூப் பற்றிப் பேசலாம். எலும்பு எந்தப் பக்கம் என்பதைப் போடுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெல்லவிழுங்கு

அந்தக் காபி விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு, விழுங்கல் பயிற்சி என் வேலை.

"இருமவில்லை" என்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை சிஸ்டர். தொண்டை உணர்வு மங்கியவர்களுக்கு காபி நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. குடித்த பிறகு குரல் கரகரவென ஈரமாக மாறுவது, மூச்சு வேகமாவது, மாலையில் லேசான காய்ச்சல், சளி கூடுவது இவற்றைப் பாருங்கள். சோதிக்காமல் வாயில் காபி, தண்ணீர், ரசம், மோர் எதுவும் வேண்டாம். எண்டோஸ்கோப்பிலோ எக்ஸ்ரேயிலோ விழுங்கலைப் பார்க்கும் வசதி இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் படுக்கைப் பக்கச் சோதனையாவது வேண்டும்.

அதுவரை வாய் சும்மா இருக்கக் கூடாது. டியூபில் சாப்பிடுகிறவர் வாயைத்தான் வீட்டில் யாரும் கழுவுவதில்லை. பல்லில் படியும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கும். நாளைக்கு மூன்று முறை மென்மையான பிரஷ், நாக்கும் கன்னத்து உட்புறமும் சேர்த்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து.

சோதனையில் சம்மதம் கிடைத்தால் கெட்டியான திரவத்தில்தான் தொடங்குவோம். கெட்டி எவ்வளவு என்பதைக் கண்ணால் சொல்லாதீர்கள், அதற்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுமுறை இருக்கிறது. 10 மி.லி. சிரிஞ்ச், 0 முதல் 10 வரையிலான கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும், எல்லா சிரிஞ்சும் ஒன்றல்ல. பிஸ்டனை உருவி, நுனியை விரலால் மூடி, 10 மி.லி. ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடியில் மறுபடி மூடுங்கள். 1 மி.லி.க்குக் குறைவாக மிஞ்சினால் தண்ணீர் போன்ற நிலை 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8-க்கு மேல் மிஞ்சி கொஞ்சமாவது இறங்கினால் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் நிலை 4, ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக விழ வேண்டும், ஒட்டக்கூடாது.

இங்கே ஒரு பொறி. மேலே சொன்ன முளைகட்டிய கேழ்வரகு டியூபுக்கு அருமை, வாய்க்கு ஆகாது. கெட்டியாகக் கிண்டிய கஞ்சியில் கொஞ்சம் கலந்தாலும் வாய்க்குப் போகும்முன் தண்ணீராகிவிடும். சாதாரண மாவுக் கஞ்சியும் எச்சில்பட்ட ஸ்பூனைக் கிண்ணத்திலேயே விட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் இளகும், எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. கிண்ணத்தில் எடுத்ததை வேறு ஸ்பூனால் பரிமாறி ஊட்டுங்கள். ஆறினால் கஞ்சி இறுகும், அதனால் சோதனையை ஊட்டும் சூட்டிலேயே செய்யுங்கள். கடையில் கிடைக்கும் சாந்தன் கம் கெட்டியாக்கி எச்சிலில் இளகாது, விலைதான் இடிக்கும்.

நம் சாப்பாட்டில் மாட்டிவிடுவது இரட்டைப் பதம். ரசம் சாதம், தண்ணியாகக் கரைத்த தயிர் சாதம், சாம்பாரில் மிதக்கும் இட்லித் துண்டு: வாயில் திரவம் முதலில் ஓடி மூச்சுக்குழாய்க்குப் போகும், பருக்கை பின்னால் நிற்கும். தயிர் சாதம் கொடுக்கலாம், ஆனால் குழைய வடித்து, மிக்ஸியில் அடித்து, தாளிப்பு இல்லாமல். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டிக்கொள்வதை எத்தனை சொன்னாலும் வீட்டில் "வாசனைக்குக் கொஞ்சம்" என்று போட்டுவிடுவார்கள்.

ஊட்டும்போது நேராக உட்கார வேண்டும், டி.வி. அணைந்திருக்க வேண்டும், ஒருவர் மட்டும் பேச வேண்டும். டீஸ்பூனில் பாதி. அடுத்த ஸ்பூன், தொண்டை மேலேறி இறங்கியதைப் பார்த்த பிறகு. வலது மூளை அடி என்பதால் இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுவார், இடது கன்னத்தில் உணவு தங்கும். முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். 20 நிமிடத்தில் களைத்துவிட்டால் நிறுத்துங்கள், பிறகு அரை மணி படுக்க வைக்கக் கூடாது. வாய்ப் பயிற்சிக்கு ஒன்றரை மணி முன்பே டியூப் ஃபீடை நிறுத்தினால்தான் பசி இருக்கும். "ருசியே இல்லை" என்று துப்பினால் மணம் போயிருக்கிறதா பாருங்கள்; தலை அடியில் மணநரம்பு அறுவது உண்டு. புளிப்பையும் குளிர்ச்சியையும் நாக்கு இன்னும் அறியும், அதை வைத்துச் சமாளிக்கலாம்.

டியூபை எடுக்கும் அவசரம் வேண்டாம். தேவையில் முக்கால் பங்கை வாயிலேயே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அதுவரை பகல் ஃபீடைக் குறைத்து மீதியை இரவில் விடலாம்.

தஞ்சை_ஹோம்கேர்

எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் பேசியாகிவிட்டது: ஃபெனிட்டாயின் லெவெட்டிராசெட்டம் சிரப்பாக மாறியது, தயமின் எழுதியிருக்கிறார். பாஸ்பேட் சரியாக இருக்கிறது, சோடியம் 132. இப்போது மூன்றில் இரண்டு பங்கு ஃபீட் போகிறது, அதிலிருந்து நாளைக்கு நாலைந்து தரம் தண்ணியாகப் போகிறார். வீட்டில் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். டியூபும் ஒருமுறை அடைத்தது. கடை பவுடருக்கே போய்விடலாமா?

கஞ்சிக்கணக்கு

உடனே ஃபீடை நிறுத்தாதீர்கள். முதலில் மருந்துப் பட்டியல்: டியூபுக்காகச் சிரப்பாக மாற்றியதில் சார்பிட்டால் (இனிப்புக்குச் சேர்ப்பது) இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள், பொட்டாசியம் சிரப், பாரசிட்டமால் சிரப் போன்றவற்றில் பெரும்பாலும் இருக்கும், அதுவே பேதியாக்கும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் போயிருந்தால், கூடவே காய்ச்சலோ ரத்தமோ சீதமோ இருந்தால் மலப் பரிசோதனை, வீட்டு வைத்தியம் இல்லை. அடுத்து வேகம்: 200 மி.லி.யை சிரிஞ்சில் பிஸ்டன் வைத்துத் தள்ளுகிறார்களா? பிஸ்டனை எடுத்துவிட்டு, சிரிஞ்சை வயிற்று மட்டத்துக்கு ஒரு முழம் மேலே பிடித்து, தானாக இறங்கவிட்டு 20 முதல் 30 நிமிடம். ஃபீட் ஃப்ரிட்ஜ் குளிரோடு போகிறதா என்றும் பாருங்கள். வேறு சமையலுக்கு அரைத்த கையோடு மிக்ஸி ஜாரைக் கழுவாமல் அடிப்பதும் நடக்கும். ஜார், வடிகட்டி, சிரிஞ்ச் மூன்றும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெந்நீர் ஊற்றிக் காய வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் பால் சர்க்கரை. முழுசாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் புரதத்தில் பாதி போய்விடும். பாலில் 400 மி.லி.யை வீட்டுத் தயிராக்கி அடித்து வடித்துச் சேருங்கள், பால் பவுடர் 50 கிராமுக்குப் பதில் கூட மூன்று முட்டை. புரதம் அப்படியே நிற்கும். தயிர் சேர்த்த ஃபீடைச் சூடாக்கினால் திரியும், கஞ்சி நன்றாக ஆறிய பிறகு கலந்து அடியுங்கள்.

கடை பவுடர் தப்பில்லை, கிருமி பயம் குறைவு, அளவு நிச்சயம். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் பாருங்கள். 15 கிராமுக்கு அருகில் இருந்தால் 1,800 கலோரிக்கு எடுத்தாலும் 60, 65 கிராம்தான் வரும். சொன்னதைவிடக் கூடுதல் தண்ணீரில் கரைத்து ஒரு டப்பாவை ஒரு வாரம் இழுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அப்படியானால் மறுபடி பழைய கதை. இரண்டையும் கலந்து ஓட்டலாம்: இரவு, அதிகாலை ஃபீடுக்குப் பவுடர், பகலில் வீட்டு ஃபீட்.

அடைப்புக்கு: ஒவ்வொரு ஃபீடுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். டாக்டர் தண்ணீர் அளவு கட்டியிருந்தால் அந்தக் கணக்குக்குள். மருந்தை ஃபீடில் கலக்காமல் ஒவ்வொன்றாக, நடுவில் 10 மி.லி. தண்ணீர் விட்டு. அடைத்தே விட்டால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளி இழுத்து, 20 நிமிடம் ஊறவிட்டு மறுபடி. 5 மி.லி. சிரிஞ்சால் அழுத்தாதீர்கள், சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடி டியூப் வெடிக்கும். கோலா, எலுமிச்சை விடுவது பால் புரதத்தைத் திரித்து அடைப்பை இறுக்கும். கம்பி விடவே கூடாது.

நியூரோ_வார்டு

ஒரு வரி சேர்க்கிறேன். ஃபீடுக்கு முன் டியூப் இடத்தில் இருக்கிறதா என்று காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். இரைப்பை நீரை இழுத்து பி.எச். தாளில் 5.5-க்குள் வந்தால் சரி. இவருக்குப் பேண்டோப்ரசோல் போவதால் அதற்கு மேலே காட்டலாம், அப்போது மூக்கு நுனியில் போட்ட மார்க் நகரவில்லை என்பதையும் பாருங்கள். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. தலைமாடு 30 முதல் 45 டிகிரி, ஃபீட் முடிந்து ஒரு மணி வரை. பாதி எலும்பு இல்லாத வலது பக்கம் தலையைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டாம். இழுத்த நீரில் காபித்தூள் நிறம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.